சிப்பி நகரின் கதை

ஸ்லைகோ நகரின் பழைமையும் அங்கு வாழ்ந்த இரு குழந்தைகளின் நினைவுகளும்

அயர்லாந்துத் தேசத்தின் வடமேற்குக் கரையிலே, அத்திலாந்திக் சமுத்திரம் நிலத்தினுள் நுழைந்து குடாவாக விரியும் ஓரிடத்தில், ஸ்லைகோ என்னும் நகரம் அமைந்திருக்கின்றது. ஐரிஷ் மொழியில் அதன் பெயர் 'சிப்பிகள் மலிந்த இடம்' எனப் பொருள்படும். கடலுணவுக்குப் பெயர்போன அக்கரையிற் பண்டை மக்கள் உண்டு கழித்த சிப்பி ஓடுகள் மேடு மேடாகக் குவிந்து கிடந்தன. ஊருக்கு முதற் பெயரிட்டவர் அரசரோ புலவரோ அல்லர். பசியாறிய மீனவரே எனலாம். கரையோரக் கிராமங்களிற் பிறந்த நம்மவர்க்கு இவ்வாறு பெயர் வைக்கும் முறை புதிதன்று.

ஒரு நகரின் சரித்திரத்தை இரு வழிகளில் அறியலாம். ஒன்று, கல்வெட்டு, அரசாங்கப் பதிவு, குடிசன மதிப்பு முதலியவற்றின் வழி. மற்றையது, அந்நகரிற் குழந்தைப் பருவத்தைக் கழித்தவர்களின் நினைவு வழி. முன்னையது எண்ணிக்கையைத் தரும்; பின்னையது அந்த எண்ணிக்கையின் பின்னால் நின்ற முகங்களைக் காட்டும். ஆயினும் குழந்தையின் கண் கண்டதைப் பெரிதாக்கிக் காட்டும் இயல்புடையது. அதனை எவ்வளவுக்கு நம்பலாம்? இக்கேள்விக்கு விடை தேட ஸ்லைகோவைப் போலப் பொருத்தமான ஊரைக் காண்டல் அரிது. ஏனெனில், இரு குழந்தைகளின் நினைவுகள் அந்நகரைப் பற்றி நமக்கு எழுத்திற் கிடைத்துள்ளன. ஒன்று அச்சத்தின் நினைவு. மற்றையது ஏக்கத்தின் நினைவு.

மலையும் ஆறும் மடமும்

முதலில் நகரின் அமைப்பை ஒருவாறு மனத்திற் கொள்வோம். கிழக்கே கில் ஏரி. அதிலிருந்து புறப்படும் கரவோக் என்னும் சிற்றாறு நகரின் நடுவே பாய்ந்து, சில மைல் தூரத்துக்குள்ளேயே கடலிற் கலந்துவிடுகின்றது. மேற்கே 327 மீற்றர் உயரமுள்ள நொக்னரே மலை. அதன் உச்சியில் ஒரு பெருங் கற்குவியல் உளது. ஐரிஷ் புராணக் கதைகளில் வரும் வீரமகளாகிய மேவ் அரசியின் சமாதி அதுவே என்று ஊரவர் நம்புவர். வடக்கே பென்பல்பென் என்னும் மலை, மேசைபோலத் தட்டையான முடியுடன், 526 மீற்றர் உயரத்தில் நிற்கின்றது. நகருக்கு அண்மையிலுள்ள கரோமோர் என்னுமிடத்தில் ஐயாயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட கல்லறைகள் இன்றும் வயல்களுக்கிடையே காணப்படுகின்றன.

13ஆம் நூற்றாண்டில் நோர்மானியப் பிரபுவாகிய மோரிஸ் பிற்ஸ்ஜெரால்ட் என்பவர் இங்கே ஒரு கோட்டையைக் கட்டி, டொமினிக்கன் துறவிகளுக்கு ஒரு மடத்தையும் அமைத்தார். கோட்டை மறைந்தது, மடத்தின் சுவர்கள் நிற்கின்றன. 1414இல் தற்செயலாக மூண்ட தீ அதனை அழித்தது. மீண்டும் எழுப்பினர். 1642இல் சேர் பிரடெரிக் ஹமில்ற்றனின் படையினர் நகரையும் மடத்தையும் ஒருங்கே எரித்தனர். கூரையிழந்த அம்மடத்தினுள்ளும் அதனைச் சூழவும் பல தலைமுறையினர் தம் இறந்தோரை அடக்கஞ் செய்தனர்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்லைகோ செழிப்புள்ள துறைமுகப் பட்டினமாக விளங்கியது. தானியமும் வெண்ணெயும் உப்பிட்ட இறைச்சியும் கப்பலேறின. வணிகர் மாளிகைகள் உயர்ந்தன. ஆயின் ஒடுங்கிய ஒழுங்கைகளிலே ஏழைகள் நெருங்கி வாழ்ந்தனர். குடிநீரும் கழிவுநீரும் ஒன்றையொன்று தொட்டு ஓடின. வரப்போகும் பேரிடருக்கு வழி இவ்வாறு திறந்தே கிடந்தது.

1832: பேதி வந்த ஆண்டு

வாந்திபேதி எனப்படும் கொலரா நோய் 1817இல் வங்காளத்திலிருந்து பரவத் தொடங்கியது. வணிகர்களோடும் படைகளோடும் பயணஞ்செய்து, 1830இல் உருசிய நாட்டின் பெருநகரங்களையும், 1831இல் இங்கிலாந்தின் சண்டர்லன்ட் துறைமுகத்தையும், 1832இன் முற்பகுதியில் அயர்லாந்தையும் அடைந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் ஸ்லைகோவிற் புகுந்தது. சுமார் ஆறு வாரங்களுக்குள், ஏறத்தாழ 15,000 மக்கள் வாழ்ந்த அந்நகரில், பதியாமற் புதைக்கப்பட்டோரையும் சேர்த்து 1,500 பேர் வரை மாண்டனர் என்று மதிப்பிடுவர். அயர்லாந்தில் அந்நோயால் மிகக் கொடிதாகத் தாக்கப்பட்ட ஊர்களில் ஸ்லைகோவும் ஒன்று.

அப்பொழுது அந்நகரில் சார்லற் தோர்ன்லி என்னும் சிறுமி தன் பெற்றோருடன் வாழ்ந்தாள். 1818இற் பிறந்த அவளுக்கு வயது 14. தந்தை இராணுவத்திற் பணியாற்றிய தோமஸ் தோர்ன்லி. பல ஆண்டுகள் கழிந்தபின், தன் மகன் கேட்டுக்கொண்டதற்கிணங்க, சார்லற் அம்மையார் அந்த ஆறு வாரங்களைத் தன் கையால் எழுதி வைத்தார். அந்த எழுத்தே இன்று நமக்குக் கிடைக்கும் முதலாவது நினைவு.

நோய் வருமுன் அதனைப் பற்றிய வதந்தி வந்தது. தொலைதூரத்து நாடுகளில் ஏதோ நடக்கின்றது என்று முதலிற் கேட்டனர். பின்னர் பிரான்சு, பின்னர் இங்கிலாந்து, பின்னர் அயர்லாந்தின் வேறு துறைமுகங்கள் எனச் செய்தி நெருங்கி நெருங்கி வந்தது. நோயினும் முன்னே அச்சம் பயணஞ் செய்தது. நகருக்குச் சில மைல் தூரத்தில் வழிப்போக்கன் ஒருவன் நோயுற்று வீழ்ந்தானாம். அவனுக்குத் தண்ணீர் கொடுக்க ஒருவரும் துணியவில்லை. குழியொன்றைத் தோண்டி, நீண்ட கழிகளால் அவனை அதனுள் தள்ளி, உயிர் போகுமுன்னரே மண்ணிட்டு மூடினர் என்று சார்லற் எழுதுகின்றார். அக்குற்றத்திற்கான தண்டனையையே தம் நகர் பின்னர் அனுபவித்தது என்பது அவர் கருத்து.

நோய் நகரினுட் புகுந்ததும் தெருக்கள் அடங்கின. பிணவண்டியின் சில்லுச் சத்தமும் வைத்தியரின் வண்டிச் சத்தமுமன்றி வேறொலி இல்லை. காய்ச்சல் ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தது. தாதியர் ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். அவர்களிடத்திற்கு நல்லவர் எவரும் வர மறுத்தமையால், கூலிக்காக வந்த குடிகாரரே நோயாளரைப் பராமரிக்கும் நிலை உண்டாயிற்று. அவர்கள் உயிர் ஊசலாடுவோரைக் காலிற் பிடித்துக் கற்படிகளில் தலை மோத இழுத்துச் செல்வதைத் தடுப்பதற்காக, கத்தோலிக்க குரு ஒருவர் குதிரைச் சவுக்கைக் கையிலேந்திப் படிக்கட்டிற் காவல் இருந்தாராம். சார்லற் புரட்டஸ்தாந்து குடும்பத்துப் பெண். அக்காலத்து அயர்லாந்தில் இவ்விரு சமயத்தாருக்குமிடையே நின்ற மதில் எத்துணை உயரமானது என்பதைச் சரித்திர மாணவர் அறிவர். அம்மதிலுக்கு இப்பாலிருந்தே ஒரு சிறுமி அக்குருவானவரின் பெருமையைக் கண்டு நெஞ்சிற் பதித்துக்கொண்டாள்.

சிவப்பு லேஞ்சி

சார்லற் கூறும் செய்திகளுள் இரண்டு மறக்கற்பாலன அல்ல.

ஏழைத் தொழிலாளி ஒருவன் நோயுற்ற தன் மனைவியை முதுகிற் சுமந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். அவள் வயிற்று வேதனை தாங்காது துடித்தமையால், தன் கழுத்திலிருந்த சிவப்பு லேஞ்சியை அவிழ்த்து அவள் இடையில் இறுகக் கட்டினான். மாலையில் அவன் மீண்டும் வந்தபோது, அவள் இறந்துவிட்டாள், பிணவறையிற் கிடக்கின்றாள் என்றனர். நாற்பது ஐம்பது உடல்களைப் பெட்டியுமின்றி ஒரே குழியில் இட்டுச் சுண்ணாம்பு தூவி மூடுவதே அப்போதைய வழக்கம். தன் மனைவிக்காவது முறையான அடக்கஞ் செய்ய வேண்டுமென்று அவன் பிணக்குவியலினிடையே தேடினான். பல உடல்களின் கீழே சிவப்பு லேஞ்சியின் முனை தெரிந்தது. மேலிருந்தவற்றை விலக்கிப் பார்த்தான். அவளிடம் மூச்சு இருந்தது! வீட்டுக்குச் சுமந்து சென்றான். அவள் குணமடைந்து பல ஆண்டுகள் வாழ்ந்தாள்.

மற்றையது, ஊரில் யாவரும் அறிந்த நெட்டை உருவமுடைய சார்ஜன் கலன் என்பவரின் கதை. அவரும் நோயுற்று இறந்தாரெனக் கருதப்பட்டார். தச்சர் முன்னரே ஒரே அளவில் செய்து அடுக்கிவைத்திருந்த பெட்டிகளில் ஒன்றும் அவருக்குப் போதவில்லை. காலை முறித்து அடக்கலாமென்று சம்மட்டியை ஓங்கினர். முதலடி வீழ்ந்ததும் 'பிணம்' திடுக்கிட்டு எழுந்தது! அம்மனிதரைத் தாம் பின்னாளிற் பலமுறை வீதியிற் கண்டதாகச் சார்லற் உறுதி கூறுகின்றார். நகைப்பும் நடுக்கமும் ஒருங்கே தரும் செய்தி அது.

உப்புத் தட்டு

தோர்ன்லி குடும்பத்தார் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளேயிருந்தனர். விடிந்ததும் வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவருக்கும் வயதுக்கேற்ற அளவில், இஞ்சி கலந்த விஸ்கி மருந்தாகக் கொடுக்கப்பட்டது. சன்னல்களுக்கும் கதவுகளுக்கும் வெளியே தட்டுகளில் உப்பைப் பரப்பி, அதன்மீது கந்தக அமிலத்தை ஊற்றி வைத்தனர். எழும் புகை நச்சுக்காற்றைக் கொல்லும் என்பது அக்காலத்து வைத்தியம். நோய் கெட்ட காற்றினாற் பரவுகின்றது என்று கற்றோரும் நம்பினர். சாவு மிகுந்த நாட்களில் வீடுகளின்மேல் மஞ்சள் படர்ந்த மேகமொன்று தாழ்ந்து தொங்கியதாகச் சார்லற் எழுதுவதும் அந்நம்பிக்கையின் விளைவே போலும்.

உண்மையில் எதிரி காற்றில் இல்லை; நீரில் இருந்தான். 1854இல் இலண்டனில் யோன் ஸ்னோ என்னும் வைத்தியர் ஒரு தெருக்குழாயின் நீருக்கும் அதனைப் பருகியோரின் மரணத்துக்குமுள்ள தொடர்பைக் காட்டினார். 1884இல் றொபேட் கொக் என்னும் ஜெர்மானிய அறிஞர் கல்கத்தாவிற் செய்த ஆராய்ச்சியால் நோய்க்கிருமியை உலகறியச் செய்தார்.

இதிலே ஒரு விநோதமும் உளது. அதே 1832ஆம் ஆண்டில், லிமெரிக் நகரிற் பிறந்த வில்லியம் ஓஷோனஸி என்னும் இளம் ஐரிஷ் வைத்தியர், கொலரா நோயாளரின் இரத்தத்தைச் சோதித்து, நீரும் உப்பும் உடலினின்று வடிந்துவிடுவதே சாவின் காரணம் எனக் கண்டு வெளியிட்டிருந்தார். அக்கருத்தைப் பின்பற்றி, ஸ்கொத்லாந்தில் தோமஸ் லற்றா என்பவர் உப்புநீரை நோயாளரின் நரம்பிற் செலுத்திச் சிலரைப் பிழைப்பித்தார். ஆனால் வைத்திய உலகம் அதனை விரைவில் மறந்தது. ஓஷோனஸி பின்னர் இந்தியாவிற்கு வந்து, கல்கத்தா வைத்தியக் கல்லூரியில் ஆசிரியராகவும், இந்தியத் தந்தித் துறையை நிறுவியவராகவும் புகழ்பெற்றார். உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைப் பருகக் கொடுக்கும் எளிய முறையின் வன்மை, 1971இல் வங்காள அகதி முகாம்களில் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. நம் நாட்டு வீடுகளிற் குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டவுடன் கரைத்துக் கொடுக்கும் 'ஜீவனி' அம்மரபில் வந்ததேயாம்.

ஸ்லைகோ நகரின் சன்னல்களிலெல்லாம் உப்பு இருந்தது. அதனைக் காய்ச்சி ஆறிய நீரிற் கரைத்து நோயாளியின் வாயில் விட வேண்டும் என்னும் அறிவு மாத்திரம் இருக்கவில்லை.

அயலூரின் வாசல்

நிலைமை முற்றியபோது தோர்ன்லி குடும்பம் தபால் வண்டியேறி, உறவும் நட்பும் உள்ள பலிஷானன் என்னும் ஊரை நோக்கிப் புறப்பட்டது. அவ்வூரை நெருங்கியதும் தடிகளும் அரிவாள்களும் ஏந்திய கூட்டமொன்று வண்டியை மறித்தது. பெட்டிகளை இறக்கினர், மனிதரையும் இறக்கினர். எவ்வளவு கெஞ்சியும் வழி கிடைக்கவில்லை. அச்சம் அவர்களைப் பித்தராக்கியிருந்தது என்கிறார் சார்லற். பின்னர் டொனெகால் என்னும் ஊரிலும் ஒரு கூட்டம் சூழ்ந்து, இவர்களைப் பொருட்களுடன் எரித்துவிட வேண்டுமெனக் கூச்சலிட்டது. பட்டாளத்து அதிகாரிகள் நடுவே புகுந்து காப்பாற்றினர். ஈற்றில், எந்த நகரிலிருந்து ஓடினரோ அந்த நகருக்கே திரும்பினர். தெருக்களிற் புல் முளைத்திருந்தது. மக்களில் எட்டில் ஐந்து பங்கினர் மாண்டுவிட்டனர் என்று அவர் எழுதினார். அவர் குடும்பத்தில் ஒருவர்க்கும் தீங்கில்லை.

இங்கேதான் நாம் முதலில் எழுப்பிய கேள்வி வருகின்றது. எட்டில் ஐந்து என்பது மெய்யன்று. பத்தில் ஒன்று என்பதே மதிப்பீடு. அவ்வாறாயின் சார்லற் பொய்யுரைத்தாரா? இல்லை. இறந்தவர் பத்தில் ஒருவராயினும், பல குடும்பங்கள் ஊரைவிட்டு ஓடிவிட்டன. எஞ்சியோர் கதவடைத்து உள்ளிருந்தனர். வெறுந்தெருவிற் புல்லைக் கண்ட சிறுமி, கண்ணிற் படாத யாவரையும் இறந்தோராகவே எண்ணினாள். அவள் எண்ணிக்கை பிழை. அவள் கண்ட வெறுமை மெய். எண்ணிக்கைக்கு அரசாங்க ஏட்டைப் பார்க்க வேண்டும். ஆனால் அயலூரான் அரிவாளுடன் வழிமறித்ததையும், சவுக்கேந்திய குருவானவரையும், பிணக்குவியலுள் தெரிந்த சிவப்பு முனையையும் எந்த ஏட்டிற் காண்பது?

தாயின் கதையும் மகனின் நூலும்

சார்லற் 1844இல் டப்ளின் நகரத்து அரசாங்க உத்தியோகத்தராகிய ஏபிரகாம் ஸ்ரோக்கரை மணந்தார். எழுவர் மக்களுள் மூன்றாவது பிள்ளையாக ஒரு மகன் 1847இற் பிறந்தான். அயர்லாந்தின் பெரும் பஞ்சத்தில் மிகக் கொடிய ஆண்டு அது. அக்குழந்தை ஏழு வயது வரை எழுந்து நடக்க இயலாது படுக்கையிற் கிடந்தது. பக்கத்திலமர்ந்த தாய் ஸ்லைகோவின் கதைகளைச் சொன்னாள். அம்மகனே பிற்காலத்தில் 'டிராக்குலா' என்னும் நாவலை 1897இல் எழுதி உலகப் புகழ்பெற்ற பிராம் ஸ்ரோக்கர். இறந்தும் இறவாதோர், கப்பலேறித் துறைமுகத்திற்கு வந்து பரவும் தீமை ஆகியவற்றில் தாயின் கதைகளின் சாயலை ஆராய்ச்சியாளர் காண்பர். அதற்கு முன்னரே, 1881இல் வெளியிட்ட சிறுவர் கதைத் தொகுதியில், கண்ணுக்குத் தெரியாத அரக்கன் ஒருவன் நகரினுட் புகும் கதையை அவர் எழுதியிருந்தார்.

ஆயினும் அத்தாயை 'டிராக்குலா ஆசிரியரின் அன்னை' என்று மாத்திரம் நினைத்தல் தகாது. 1863இல் டப்ளின் சங்கமொன்றிலே, செவிப்புலனற்ற குழந்தைகளின் கல்வியை அரசாங்கமே ஏற்க வேண்டுமென அவர் கட்டுரை படித்தார். அடுத்த ஆண்டில், ஏழையர் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்த பெண்கள் புதிய நாடுகளிற் குடியேறி மானத்துடன் வாழ வழிசெய்ய வேண்டுமென வாதாடினார். கைவிடப்பட்டோர் எவ்வாறிருப்பர் என்பதை அவர் 14 வயதிலேயே கண்டவர். 1901இற் காலமானார்.

பஞ்சமும் கப்பலும்

பேதி நீங்கிப் பதின்மூன்று ஆண்டுகளில், 1845இல், உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. ஏழைகளின் உணவு அது ஒன்றே. 1841இல் ஏறத்தாழ 1,81,000 மக்கள் வாழ்ந்த ஸ்லைகோ மாவட்டத்தில் 1851இல் எஞ்சியோர் 1,28,000 வரையினரே. மாண்டோர் ஒருபால், கப்பலேறினோர் ஒருபால். 1847இலிருந்து 1851 வரை 30,000இற்கு மேற்பட்டோர் ஸ்லைகோத் துறைமுகத்தினூடாக நாட்டைவிட்டு அகன்றனர். அவர்களோடு சென்ற குழந்தைகளுக்கும் நினைவுகள் இருந்திருக்கும். அவற்றை எழுதுவார் மிகச் சிலரே.

ஒரு பிடி மண்

அப்பஞ்சம் ஒழிந்து ஒரு தலைமுறை சென்றபின், அதே துறைமுகத்தில் வந்திறங்கினான் நமது இரண்டாவது சிறுவன். வில்லியம் பற்லர் யேற்ஸ் என்பது அவன் பெயர். 1865இல் டப்ளினிற் பிறந்த அவனுடைய தாய் ஸ்லைகோவின் கப்பல் வணிகராகிய பொலெக்ஸ்பென் குடும்பத்தவள். தந்தை ஓவியராகி இலண்டனிற் குடியிருந்தமையால், பிள்ளைகள் காலத்துக்குக் காலம் தாயின் ஊரிற் பாட்டனாரின் வீட்டில் வளர்ந்தனர். லிவர்பூலிலிருந்து பாட்டனாரின் கப்பலிலேயே அவர்கள் பயணஞ் செய்தனர்.

பாட்டனார் வில்லியம் பொலெக்ஸ்பென் அதிகம் பேசாதவர். கடலோடியாக இருந்தவர். கையிலே திமிங்கில வேட்டை ஈட்டியாற் பட்ட பெருந் தழும்பு. வீட்டு அலமாரியிலே பவளத் துண்டுகளும், யோர்தான் நதியின் நீர் நிறைந்த குடமும். அவரிடம் பேரன் கொண்ட அச்சம் எத்தகையதெனின், தனியே செபிக்கும்போது அவரையும் கடவுளையும் ஒருவராகவே மயங்கினானாம். வாசிப்புப் பழக அவனுக்கு மிக்க காலம் சென்றது. அறிவு குறைந்த பிள்ளையோ என உறவினர் ஐயுற்றனர். அப்பிள்ளையே 1923இல் இலக்கியத்திற்கான நொபெல் பரிசைப் பெற்றான் என்பதை, பரீட்சைப் புள்ளிகளை மாத்திரம் பார்த்துப் பிள்ளைகளை எடைபோடும் பெற்றோரும், என் போன்ற ஆசிரியரும் சற்றே சிந்திப்பது நன்று.

பள்ளியில் மந்தமாயிருந்தவனுக்கு ஊரே கல்லூரியாயிற்று. வேலையாட்களும் மீனவரும் மாமன்மாரும் சொன்ன மோகினிக் கதைகள், கப்பல் உடைந்த கதைகள், மேவ் அரசியின் கதைகள் யாவும் அவன் நெஞ்சில் ஊறின. இலண்டனுக்குத் திரும்பியபின் அவனும் தங்கையும் ஒரு பொதுக் குடிநீர்த் தொட்டியருகே நின்று, கண்ணீர் மல்க ஸ்லைகோவைப் பற்றிப் பேசிக்கொள்வராம். தமக்குத் தெரிந்த ஏதாவதொரு வயலின் ஒரு பிடி மண்ணாவது கையிற் பற்றியிருக்கக் கிடைக்காதா என ஏங்கியதாக, குழந்தைப் பருவத்தைப் பற்றித் தாம் 1916இல் வெளியிட்ட நூலிலே யேற்ஸ் எழுதுகின்றார். பிற்காலத்தில், இலண்டன் தெருவொன்றின் கடைச் சன்னலில் விளம்பரத்துக்காகப் பாய்ந்துகொண்டிருந்த சிறு நீரூற்றின் ஒலி கேட்டதும், கில் ஏரியின் நீர் அவர் நினைவுக்கு வந்தது. அதன் விளைவே, அவ்வேரியிலுள்ள இனிஸ்பிரீ என்னும் சிறு தீவைப் பற்றி 1888இல் அவர் இயற்றிய புகழ்மிக்க கவிதை. ஆங்கில இலக்கியம் கற்கும் நம் மாணவர் பலர் அதனை அறிவர்.

தாகூரின் கீதாஞ்சலிக்கு 1912இல் முன்னுரை எழுதியவரும், புரோகித சுவாமியுடன் சேர்ந்து உபநிடதங்கள் பத்தினை ஆங்கிலமாக்கி 1937இல் வெளியிட்டவரும் இந்த யேற்ஸே. தன் ஊர்க் கதையை ஆழமாக நேசித்தவனுக்கு அயலார் ஞானமும் அந்நியமாகத் தோன்றுவதில்லை. அவருடைய தம்பி ஜாக் யேற்ஸ், பாட்டனார் வீட்டிலேயே பல ஆண்டுகள் வளர்ந்து, அத்துறைமுகத்தையும் சந்தையையும் குதிரைப் பந்தயத்தையும் தம் வாழ்நாள் முழுவதும் ஓவியமாகத் தீட்டினார்.

யேற்ஸ் 1939இல் பிரான்சில் இறந்தார். 1948இல் ஐரிஷ் கடற்படைக் கப்பலொன்று அவர் உடலைத் தாயகங் கொணர்ந்தது. பென்பல்பென் மலையடியில் டிரம்கிளிவ் என்னும் சிற்றூரில், அவருடைய கொள்ளுப்பாட்டனார் குருவாகப் பணியாற்றிய ஆலய முற்றத்தில் அடக்கஞ் செய்தனர். ஒரு பிடி மண் கேட்ட சிறுவனுக்கு அம்மண் கிடைத்தது.

எழுதாதோர் நினைவு

இவ்விரு நினைவுகளையும் ஒருங்கு வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகும். சார்லற்றும் யேற்ஸும் வசதியுள்ள வீடுகளிற் பிறந்தோர், எழுதக் கற்றோர். ஒழுங்கைகளில் மாண்ட ஏழைகளும், கப்பலேறிய குடியானவரும் எழுதவில்லை. சிவப்பு லேஞ்சியாற் பிழைத்த பெண்ணின் பெயரைக்கூடச் சார்லற் நமக்குத் தரவில்லை. அப்பெண் பல ஆண்டுகள் வாழ்ந்தாளே. பிணக்குவியலின் கீழே கிடந்த அந்த மாலையைப் பற்றி அவளிடம் எவரேனும் கேட்டிருந்தால், எப்படிப்பட்ட சரித்திரம் நமக்குக் கிடைத்திருக்கும்! சார்லற் எழுதியதும் தாமாகவன்று, மகன் கேட்டமையாலன்றோ?

வாந்திபேதிக் காலத்துக் கதைகள் நம் கிராமங்களிலும் உள. வெள்ளம், புயல், இடப்பெயர்வு, கப்பற் பயணம் ஆகியவற்றைக் கண்ட ஆச்சிமாரும் அப்புமாரும் நம் வீட்டுத் திண்ணைகளில் இருக்கின்றனர். அவர்கள் ஆண்டைத் தவறாகச் சொல்லலாம். தொகையைக் கூட்டிச் சொல்லலாம். ஆண்டையும் தொகையையும் நூல்நிலையத்திற் சென்று திருத்திக்கொள்ளலாம். அவர்கள் கண்டதை அங்கே தேட முடியாது. மாணவர்கள் இந்த விடுமுறையில் ஒரு கொப்பியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவர்களருகே சென்று அமரட்டும். "அப்போது என்ன நடந்தது, ஆச்சி?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக இருந்து, சொன்னபடியே எழுதிக்கொள்ளட்டும்.